கொந்தாரி வீட்டு மாப்பிள்ளை

ஹேவர்ஸ் துரை எங்கள் தீவுக்கு முதன்முதலில் கவர்னராக வரவில்லை. விலாங்கு வாங்க வந்தார்.

அப்போது எங்கள் கிரேக்கத் தீவுகள் ஆங்கிலேயர் கையில் இருந்தன. அவர் நீருக்கு அந்தப்புறம், துருக்கியர் கையிலிருந்த ப்ரேவெஸாவில் ஆங்கிலேயக் கான்சலாக இருந்தார். குளிர்காலத்தில் எங்கள் உப்பங்கழியில் விலாங்கு கொழுத்துக் கிடக்கும். அதைத் தின்பதற்காகவே படகு பேசிக்கொண்டு வருவார். என் காப்பிக் கடை கழியின் கரையில், படகுத்துறையை ஒட்டி இருந்தது. மீன்காரர்கள் நாணல் கூடைகளை என் வாசலில்தான் இறக்குவார்கள். முதல் தடவை அவர் குனிந்து பார்த்தபோது, இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் தோதோரோஸ் என்ற மீன்காரன், "பாத்து எடுங்க துரை, நடுவுல ஒண்ணு ரெண்டு தண்ணிப்பாம்பும் இருக்கும்" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

துரை நிமிரவில்லை. எதிர்க்கரை யானினாச் சந்தைக்காரர்கள் இழுத்துப் பேசுவது மாதிரியே எங்கள் பாஷையில் சொன்னார்: "பாம்பு கூடையில இல்லப்பா, உன் வாய்க்குள்ள இருக்கு."

அன்றிலிருந்து தோதோரோஸுக்குப் பாம்பு என்றே பேர் நிலைத்துவிட்டது. துரைக்கும் எங்கள் கடையில் ஒரு நாற்காலி நிலைத்தது.

அவருடைய ஊர் இங்கிலாந்தின் வடக்கே, ஆடு மேயும் ஈரமான மேட்டு நிலம். தகப்பனார் ஓர் ஏழைப் பாதிரியார். மீசை அரும்பும் வயதில் யானினாவுக்கு ஒரு கான்சலிடம் எழுத்தராக வந்தவர், பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. பாஷைகள் அவருக்குக் காய்ச்சல் மாதிரித் தொற்றிக்கொள்ளும். பாஷா என்கிற அதிகாரியிடம் துருக்கியில் பேசுவார், காவல்காரர்களிடம் அல்பேனியனில் பேசுவார், எங்களிடம் எங்கள் மாதிரியே வைவார். கிரேக்கர்களின் எல்லைப்புறக் கலகத்தில் துருக்கிப் படை கிராமங்களைக் கொளுத்திக்கொண்டு வந்தபோது, கான்சல் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் ஆடுகளோடு உள்ளே விட்டு, தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் என்று படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் ஊரில் அவர் பெயர் ஏறியது அந்தச் சம்பவத்தில்தான்.

அந்தச் செய்தியைக் கேட்டு ஆளே மாறிப்போன பிள்ளை ஒருவன் இருந்தான். கொந்தாரி வீட்டு நாஸோஸ். அவனைப் பெற்றெடுத்தபோதே தாய் போய்விட்டாள். வளர்த்தது அக்கா ரெஜினா. கொந்தாரிக் குடும்பம் வெனிஸ்காரர்கள் காலத்துப் பெரிய குடும்பம். மலைச்சரிவில் ஆலிவ் தோப்பு, கழியோரத்தில் மர மாடி வீடு. நிலநடுக்கத்துக்குப் பயந்து எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் மாடி மரத்தால்தான். துரை வந்தால் நாஸோஸ் என் கடைக்கு ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்து கதை கேட்பான். அவனைத் தேடிக்கொண்டு அக்கா வருவாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்தைப் பாதிரியார்கள் இரண்டு வருஷம் இழுத்தடித்தார்கள். அவர் மதம் வேறு. கடைசியில் எங்கள் கோயிலிலேயே எங்கள் வழக்கப்படி தலையில் எலுமிச்சம்பூக் கிரீடம் மாற்றிக் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்திலேயே கோர்ஃபுவில் இருந்து தீவுகளை எல்லாம் ஆண்ட ஹை கமிஷனர் அவரை எங்கள் தீவுக்குக் கவர்னராகப் போட்டுவிட்டார். ஊரில் பாதிப்பேர் அவரைக் கவர்னர் என்று சொல்லவில்லை. கொந்தாரி வீட்டு மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

என் அக்கா ஸ்தமாதா கவர்னர் வீட்டில் சமையல்காரி. அதனால் அந்த வீட்டில் நடப்பது எல்லாம் மறுநாள் காலை என் அடுப்பங்கரைக்கு வந்துவிடும்.

நல்ல கவர்னர்தான். கழியில் தண்ணீர் தேங்கி வருஷா வருஷம் காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். வாய்க்கால் வெட்டிக் கடல்நீர் உள்ளே வந்து போக வழி செய்தார். முழங்கால் சேற்றில் நின்று கயிறு பிடித்தார். அவருக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது, வந்த பிறகு அது அவரை விடவே இல்லை. பிள்ளை ஒன்று பிறந்து, நடக்கும் முன்னே அதே காய்ச்சலில் போய்விட்டது. அதன்பின் நாஸோஸ்தான் இருவருக்கும் பிள்ளை. துரையே அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, சட்டம் படிக்கக் கோர்ஃபுவுக்கு அனுப்பினார்.

அவன் திரும்பி வந்தபோது அவன் வாயில் ஒரே பேச்சு. தீவுகள் கிரீஸோடு சேர வேண்டும். ஆங்கிலேயர் போக வேண்டும். சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. முதலில் அது விளையாட்டுச் சண்டையாகத்தான் இருந்தது என்று என் அக்கா சொல்வாள். பருப்புச் சூப்பும் மக்காச்சோள ரொட்டியும் ஆறிப்போகும் வரை பேசுவார்களாம்.

"கலகத்துல கதவைத் திறந்துவிட்டீங்களே அத்தான், அப்போ கிரேக்கன் விடுதலை கேட்டது உங்களுக்கு நியாயமாப் பட்டுது. இப்போ அதே கிரேக்கன் உங்க கோட்டைக் கொடியைப் பாத்து முணுமுணுத்தா மட்டும் குத்தமா?"

"அது துருக்கிக்காரன் கொடி. இது என் கொடி. நான் சம்பளம் வாங்குற கொடி" என்று துரை சிரித்தாராம்.

"சம்பளத்தை விட்டுடுங்க. எங்க தோப்புல ஆலிவ் பொறுக்க ஆள் வேணும்."

ரெஜினா அம்மா இருவர் தட்டிலும் மீனை எடுத்து வைத்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்வார்களாம்.

அந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் வடமேற்குக் காற்று அடித்தது. உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. உப்பளத்து ஆட்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு பலகையால் வாரி வாரிக் குவித்தார்கள். கால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும்போது அவர்கள் பாடுகிற பாட்டைப் பெண்பிள்ளைகள் கேட்கக் கூடாது. அந்த ஆட்களில் ஒருவன் லியாஸ். முரட்டுத் தோள், சுருதி சேராத குரல், கோபமே வராத மனுஷன். நாஸோஸ் உப்பளத்துக்குப் போய் மரப்பெட்டி மேல் ஏறிப் பேசும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். நாஸோஸ் மாதிரிப் பெரிய வீட்டுப் பிள்ளை தன் தோளில் கை போட்டுப் பேசியது அவனுக்குப் பெரிய கௌரவம்.

அன்னை மரியாள் திருநாள் அன்று, பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், நாஸோஸ் கிரீஸின் நீல வெள்ளைக் கொடியை எடுத்துக்கொண்டு சர்க்கார் உப்புக் கிடங்கின் கூரையில் ஏற்றப் புறப்பட்டான். பின்னால் நூறு பேருக்குக் குறையாத கூட்டம். லியாஸ் ஏணியைச் சுமந்துகொண்டு போனான். இருவர் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. கொண்டு வந்து கொடுத்தது நாஸோஸ். கிடங்கு வாசலில் காவலுக்கு நின்ற சார்ஜெண்ட் எங்கள் தீவுக்காரன்தான். வழியை மறித்தான். தள்ளுமுள்ளு. வெடிச் சத்தம் கேட்டது. சார்ஜெண்ட் உப்புக் குவியல் மேல் மல்லாக்க விழுந்தான். கூட்டம் ஓடிவிட்டது. நாஸோஸும் லியாஸும் ஓடவில்லை. கையில் துப்பாக்கியோடு, என்ன நடந்தது என்றே புரியாதவர்களாக அங்கேயே நின்றார்கள். இரண்டு துப்பாக்கியும் சுட்டிருந்தன. எந்தக் குண்டு அவனைக் கொன்றது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கோர்ஃபுவிலிருந்து படை வந்தது. ராணுவக் கோர்ட் உட்கார்ந்தது. இருவருக்கும் தூக்கு. ஹை கமிஷனர் ஒப்புதல் தந்தால் நிறைவேற்ற வேண்டியது. துரை இருவருக்கும் கருணை கேட்டு மன்றாடினார் என்பது ஊருக்கே தெரியும். மூன்று தடவை நீராவிக் கப்பல் அதற்காகவே போய் வந்தது.

மூன்றாவது தடவை கப்பலில் ஒரு கர்னல் வந்து இறங்கினார். அன்று பகல் சாப்பாட்டுக்கு அக்கா மடவை மீனை வாசனைக்கு லாரல் இலை வைத்துச் சுட்டிருந்தாள். கர்னல், ரெஜினா அம்மாவுக்கு மரியாதையாக, எங்கள் பெரிய வீட்டுக்காரர்கள் பேசும் இத்தாலிய பாஷையில் பேசினாராம். அக்காவுக்கு அது அத்துப்படி.

இரண்டு பேரைத் தொங்கவிட்டால் லண்டனில் பத்திரிகைக்காரர்கள் கத்துவார்கள், ஒருவரையும் தொங்கவிடாவிட்டால் மற்றத் தீவுகளில் நாளைக்கே கிடங்கு எரியும் என்று ஹை கமிஷனர் நினைக்கிறார். ஆகவே ஒருவன் போதும். யாரை விடுவது என்பதைக் கவர்னரே சொல்லலாம். அவர் சொல்வதை மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கர்னல் இதைச் சொல்லிவிட்டு ரெஜினா அம்மா பக்கம் பார்த்து லேசாகத் தலை குனிந்தாராம். ஒரு நல்ல சேதியைக் கொண்டுவந்து சேர்த்தவர் மாதிரி.

அம்மா கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். துரை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர், அதை முடிக்காமலே தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எஜமானி செய்யும் வேலை இல்லை. ஆனால் தம்பி கோட்டைச் சிறைக்குப் போன நாளிலிருந்து கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. துரை அங்கே வந்து நின்றார். அதுவரை அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அக்கா எழுந்து போகப் பார்த்தாள். அம்மா கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"ரெஜினா."

"சொல்லுங்க."

"கூட்டத்தைக் கூட்டினது நாஸோஸ். துப்பாக்கி கொடுத்தது அவன். லியாஸ் அவன் பின்னாடி ஏணி தூக்கிட்டுப் போனவன்."

"யார் குண்டுன்னு கோர்ட்டுக்கே தெரியலையே."

"தெரியல."

"அப்புறம் என்ன?"

"நாஸோஸ் உன் தம்பியா இல்லாம இருந்தா, நான் யாரை விட்டிருப்பேன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன்."

"அவன் என் தம்பிதானே. ஏன் இல்லாம இருக்கணும்?"

துரை சுவரில் கை வைத்து நின்றார். அம்மா பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்க மடியில உக்காந்து எழுத்துப் படிச்சவன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு அந்தக் கர்னலே சொல்லிட்டார். யாரும் உங்களைக் கேக்கப் போறதில்லை."

"லியாஸ் பொண்டாட்டி கேப்பா."

"அவ எனக்கு யாரு?"

துரை, அவளும் இந்தத் தீவில் தன் கையில் இருக்கிறவள்தான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்கள்.

"உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க. ஆனா செஞ்சிட்டு என்கிட்ட வந்து அதுக்குக் காரணம் சொல்லாதீங்க."

அன்று பகல் துரை கோட்டைக்குப் போனார். கழிக்கு நடுவே இருக்கிறது கோட்டை. படகுக்காரன் காய்ச்சலில் கிடந்ததால் நான்தான் படகைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனேன். தென்காற்று திரும்பியிருந்தது. மழை வரும் போலிருந்தது. உப்புக் குவியல்களுக்கு ஆட்கள் அவசர அவசரமாக ஓடு வேய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நாஸோஸோடு அவர் வெகுநேரம் இருந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காவல்காரன் மட்டும், இருவரும் ஒரு தடவை சிரித்த சத்தம் கேட்டதாகச் சொன்னான். திரும்பும் வழியில் துரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். கரை நெருங்கும்போது, லியாஸ் எப்படிப்பட்டவன் என்று கேட்டார்.

"நல்லவன் துரை. கூப்பிட்டா வருவான்" என்றேன்.

"ஆமா. கூப்பிட்டா வருவான்" என்று திருப்பிச் சொன்னார்.

லியாஸை விட்டார்கள். நாஸோஸைத் தூக்கிலிட்டார்கள்.

உப்பளத்து மேட்டில் தூக்குமரம் நட்டிருந்தார்கள். ஊர் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டது. மழை பெய்துகொண்டே இருந்தது. மூடாத குவியல்கள் கரைந்து பாத்திக்கே ஓடின. கவர்னர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். ரெஜினா அம்மா முகத்தை மூடாமல் நடந்தே போய், இறக்கிய உடம்பை மடியில் வாங்கிக்கொண்டார்கள். ஒரே மரம், அதற்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் துரை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, வழக்கப்படி திராட்சை ரசத்தால் உடம்பைக் கழுவியது அம்மாவும் என் அக்காவும்தான்.

துரை செய்ததை ஊரில் யாராவது மெச்சினார்களா என்றால், ஒருவரும் இல்லை. பொண்டாட்டியின் தம்பியையே தூக்கில் போட்டவன் நம்மை என்ன செய்யமாட்டான் என்றார்கள். தம்பியை விட்டு உப்பளத்தானைத் தொங்கவிட்டிருந்தால், இங்கிலீஷ்காரன் நியாயம் இவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார்கள். லியாஸுக்கும் நிம்மதி இல்லை. உப்பளத்தில் அவன் பக்கத்தில் யாரும் நின்று வாரவில்லை. கொந்தாரி வீட்டுப் பிள்ளையின் உயிரைத் தின்றவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனவன், பிறகு வரவில்லை.

கவர்னர் வீட்டில் சத்தமே இல்லை என்றாள் அக்கா. அம்மா கறுப்பு உடுத்தினார்கள். அழவில்லை, சண்டை போடவில்லை. துரைக்குக் காய்ச்சல் வந்தால் கொயினா கரைத்துக் கொடுத்தார்கள். சட்டைக்குப் பொத்தான் தைத்தார்கள். வேளைக்கு மேசையில் எதிரே உட்கார்ந்தார்கள். இருவரும் காலநிலை பேசினார்கள். அடுத்த வசந்தத்தில் அவரை மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்குக் கவர்னராக மாற்றினார்கள். பெரிய தீவு, பெரிய பதவி. அவர் வந்து சேதியைச் சொன்னபோது அம்மா ஜன்னல் திரையை மடித்துக்கொண்டிருந்தார்களாம்.

"எப்போ கிளம்பணும்?"

"வெள்ளிக்கிழமை கப்பல்."

"சரி. உங்க பெட்டிய மட்டும் கட்டிடறேன்" என்றார்கள்.

அந்த 'மட்டும்' அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்றாள் அக்கா. கட்டாயப்படுத்தவில்லை. அம்மா படகுத்துறைக்கு வரவும் இல்லை. என் கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். வழக்கமாகச் சண்டைக்கு இழுக்கும் தோதோரோஸ் அன்று வலையைத் தைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான்.

அதன்பிறகு அவரைப் பற்றிக் கப்பல்காரர்கள் சொல்லித்தான் கேள்வி. கரும்புத் தீவில் இருந்தார், பிறகு பனி விழும் ஏதோ தேசத்தில் இருந்தார், ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள் என்றார்கள். மாதாமாதம் அம்மாவுக்குச் செலவுக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. அம்மா கவர்னர் வீட்டைக் காலி செய்து, பிறந்த வீட்டில் என் அக்காவோடு இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் ஆங்கிலேயர் தாங்களாகவே எங்கள் தீவுகளைக் கிரீஸுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நாஸோஸ் எந்தக் கொடிக்காகச் செத்தானோ அது வெடி முழங்கக் கோட்டையில் ஏறியது. அதற்கு அவன் இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்திருந்தால் போதும் என்று அன்று கடையில் ஒருவன் சொல்லி அடி வாங்கினான். சதுக்கத்தில் மேடை போட்டு, தியாகியின் அக்கா என்று ரெஜினா அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேயர் பேசினார். நாஸோஸைப் புகழ்ந்து முடித்து, "அந்தக் கொலைகாரக் கவர்னர் ஹேவர்ஸ்" என்று ஆரம்பித்தார். கூட்டம் காறித் துப்பியது.

அம்மா எழுந்து நின்றார்கள். தியாகியின் அக்கா ஏதோ சொல்லப் போகிறார் என்று கூட்டம் அமைதியானது.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். பிறகு மேடையை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். அன்றிலிருந்து யாரும் அவர்களை எந்த விழாவுக்கும் கூப்பிடவில்லை.

துரை திரும்பி வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. பதவி எல்லாம் முடிந்து, ஒரு நவம்பர் மத்தியானம், ப்ரேவெஸாப் படகில் வந்து இறங்கினார். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தோள் சரிந்து, முகம் மஞ்சளோடி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டபோது அந்த யானினா இழுப்பைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

"ரெஜினா நல்லா இருக்காளா?" என்றார்.

இருக்கிறார்கள் என்றேன்.

அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அம்மா, "வரச் சொல்லாதே. வர வேணாம்னும் சொல்லாதே" என்றார்களாம். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஊரில் யாரும் அவருக்கு வீடு தரவில்லை. என் கடையின் மாடி அறையைக் கொடுத்தேன். எனக்கு அதனால் வியாபாரம் குறைந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அங்கேதான் இருந்தார். தினமும் சாயங்காலம் கொந்தாரி வீட்டுத் தெருமுனை வரை நடப்பார். திரும்பி வருவார். கதவைத் தட்டியதில்லை. பிள்ளைகள் பின்னாலேயே போய்க் கயிற்றைக் கழுத்தில் மாட்டுவது மாதிரி சைகை காட்டும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். மத்தியானம் அக்கா மூடிபோட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவாள். பருப்புச் சூப், சில நாள் விலாங்கு. யார் சமைத்தது என்று அவர் கேட்டதில்லை. அக்காவும் சொன்னதில்லை. அது அக்காவின் கைப்பக்குவம் இல்லை என்பது எனக்கே தெரியும், அம்மா எதிலும் மிளகைக் கூடுதலாகத்தான் போடுவார்கள். அவர் பாத்திரத்தை ரொட்டியால் வழித்துத் துடைத்து, கழுவிய மாதிரி திருப்பி அனுப்புவார்.

பிப்ரவரியில் பழைய காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பற்கள் அடித்துக்கொள்கிற குளிர், பிறகு போர்வையை உதறுகிற சூடு. டாக்டர் பார்த்துவிட்டு, மண்ணீரல் கல்லாகிவிட்டது, இனி மருந்துக்குக் கேட்காது என்றார். அன்று மத்தியானம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது அக்கா இல்லை, அம்மா.

மாடிப்படியில் அவர்களுக்கு முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இருட்டான அறை. கீழே போகலாம் என்று திரும்பியபோது அம்மா, "இரு ஃபோதிஸ், இவரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்" என்றார்கள். நான் அவரை முதுகில் தாங்கிக்கொண்டு உட்கார, அம்மா கரண்டியால் ஊட்டினார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"நீ சொல்ல வேணாம்னு சொன்ன. அதனால நான் காரணமே சொல்லல" என்றார் துரை.

"ஆமா."

"இத்தனை வருஷமா எழுதவும் இல்ல."

"தெரியும். எழுதியிருந்தா படிச்சிருக்க மாட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன் ரெஜினா. நான் செஞ்சது தப்பா?"

அம்மா அவர் வாயைத் துடைத்தார்கள். கழுத்துப் பட்டையை இளக்கிவிட்டார்கள்.

"தப்புன்னு இருந்தா, அழுது சண்டை போட்டு, என்னைக்கோ உங்களை மன்னிச்சிருப்பேன். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. அதை வெச்சுக்கிட்டு உங்க கூட எப்படிப் படுத்து எழுந்திரிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் அவர்.

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் அவர் போய்விட்டார்.

எங்கள் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்றார் பாதிரியார். கோட்டைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறை இருந்தது. அவர்கள் போனபிறகு நாணல் மண்டிக் கிடந்தது. சுமக்க ஆள் கேட்டு நான் கடையில் எழுந்து நின்றபோது, எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். தோதோரோஸ் மட்டும் வந்தான். அவனும் நானுமாக உடலைப் படகில் ஏற்றினோம், குழி தோண்டினோம். அம்மாவும் அக்காவும் வந்தார்கள். துரையின் பாஷையில் பிரார்த்தனை சொல்ல ஆளில்லை. எங்கள் பிரார்த்தனையில் அம்மாவுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். மண்ணெல்லாம் ஈரம், சீக்கிரம் மூடிவிட்டது.

நாற்பதாம் நாள் அம்மா வழக்கப்படி கோதுமை அவித்தார்கள். மாதுளை முத்தும் திராட்சையும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரை பரப்பி, பெரிய தட்டில் கோயிலுக்கு எடுத்துவந்தார்கள். பூசையில் பெயர் வாசிக்கச் சொன்னபோது, மாற்று மதத்துக்காரர் பெயரைப் பலிபீடத்தின் முன் சொல்ல முடியாது என்றார் பாதிரியார். உங்கள் தம்பி பெயரை வேண்டுமானால் இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கோயில் படியில் நின்றார்கள்.

பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. இறந்தவருக்காக அவித்த கோதுமையை யார் நீட்டினாலும் ஒரு பிடி வாங்கித் தின்று, கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். மேயர் வீட்டுப் பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். மற்றவர்களும் அப்படியே. நானும் அக்காவும் வாங்கித் தின்றோம். தோதோரோஸ் வாங்கினான். அவ்வளவுதான். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. சர்க்கரை நனைந்துகொண்டிருந்தது. போகலாம் அம்மா என்றாள் அக்கா.

அப்போது கடைசியாக ஒருத்தி வெளியே வந்தாள். பழைய சால்வை போர்த்தியவள், ஊரின் கடைசித் தெருவில் துணி வெளுத்துப் பிழைக்கிறவள். எதுவும் கேட்காமல் அம்மா முன்னால் வந்து இரண்டு கையையும் ஏந்தினாள். அம்மா அள்ளிப் போட்டார்கள். அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றாள். பிறகு, "மகளுக்கும் கொஞ்சம் கொடுங்கம்மா" என்று சால்வை முனையை விரித்தாள். அம்மா தாராளமாகவே போட்டார்கள். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"என் வீட்டுக்காரர் செத்தப்போ நானும் அவிச்சேன். அன்னைக்கு இந்தப் படியில ஒருத்தரும் கை நீட்டல. இங்கிலீஷ்காரன் கிடங்கு வாசல்ல காவல் நின்னு செத்தவருக்கு எப்படி வாங்குவாங்க? பாதிரியாரும் ஜனங்களுக்குப் பயந்து பேரை வாசிக்காம விட்டுட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன்."

அம்மா தட்டை அக்கா கையில் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் நாஸோஸைப் பேசினோம், லியாஸைப் பேசினோம், துரையைப் பேசிப் பேசித் தீர்த்தோம். உப்பின்மேல் மல்லாக்க விழுந்தவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள் என்று என் கடையில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

அவள் படியிறங்கப் போனாள். அம்மா கூப்பிட்டார்கள்.

"இரும்மா. அவர் பேரு என்ன?"

அவள் திரும்பி நின்றாள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களே இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

"ஸாஃபிரிஸ்" என்றாள். "ஸாஃபிரிஸ் பெராத்திஸ்."

அம்மா அந்தப் பேரைச் சொல்லி ஒரு பிடி கோதுமையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.